பழைய டோர்க் ரெஞ்ச் கைக்கு வந்தால்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நட்டையும் போல்ட்டையும் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க உதவுவது டோர்க் ரெஞ்ச். புதிதாக நல்லது வாங்கினால் விலை கடிக்கும். ஆகவே யாழ்ப்பாணத்தில் பெரும்பாலானோர் கைக்கு வருவது பழசுதான். ஜப்பான் கொண்டெய்னர் சாமான் விற்கும் கடையில் கிடைத்தது, கனடாவில் இருந்து மாமா அனுப்பிய பெட்டிக்குள் வந்தது, கராஜை மூடியவர் கொடுத்தது என்று பல வழி. வந்த பிறகு எல்லாருக்கும் ஒரே சந்தேகம்: இது காட்டுவதை நம்பலாமா?

கைக்கணக்கு காணாதா? இது எதற்கு?

பல இடங்களுக்குக் காணும். மட்கார்ட் நட்டை இறுக்க யாரும் டோர்க் ரெஞ்ச் தேட வேண்டாம். ஆனால் சிலிண்டர் ஹெட் போல நாலைந்து போல்ட் ஒரே கேஸ்கட்டைச் சமமாக அழுத்த வேண்டிய இடத்தில் கை ஏமாற்றும். காலையில் இறுக்கும் கையும் மத்தியானம் இறுக்கும் கையும் ஒன்றல்ல. நீள ஸ்பானரும் குட்டி ஸ்பானரும் ஒரே அளவு தராது. அலுமினியத்தில் போட்ட புரி இன்னும் மோசம், ஒருமுறை கழன்றால் திரும்ப வராது. மோட்டார் சைக்கிளின் ஒயில் பிளக், குருநகர், மயிலிட்டிப் பக்கப் படகுகளின் வெளி இணைப்பு இஞ்சின் எல்லாம் அந்த வகை. கார்ச் சில்லு நட்டைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

வாங்குமுன் கடையில் நின்றபடி எதைப் பார்க்கலாம்?

முதலில் கைபிடி எந்த அளவில் நிற்கிறது என்று பாருங்கள். வைத்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று சத்தம் தரும் கிளிக் வகை ரெஞ்சின் உள்ளே ஒரு தடித்த ஸ்பிரிங் இருக்கிறது. அதை 150 நியூற்றன் மீற்றரில் (முறுக்கை அளக்கும் அலகு) இறுக்கியபடி மாதக்கணக்கில் வைத்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்து போக வாய்ப்புண்டு. கடைக்காரர் அதைக் கீழ் அளவில் வைத்திருந்தால், முன்பு பாவித்தவரும் பழக்கம் தெரிந்தவர் என்று ஓரளவு நினைக்கலாம்.

அடுத்து, கீழ் அளவில் இருந்து மேல் அளவு வரை மெதுவாகத் திருப்புங்கள். நறநற என்று மணல் அரைபடுவது போல இருந்தால் உள்ளே துரு, அல்லது கிறீஸ் காய்ந்துவிட்டது. கைபிடியின் விளிம்பு முழு எண்ணில் நிற்கும்போது, தண்டில் உள்ள நடுக்கோடு கைபிடியின் பூச்சியக் கோட்டோடு நேர்ப்படுகிறதா என்று பாருங்கள். அரைக்கோடு தள்ளி நின்றால், யாரோ திறந்து பூட்டியிருக்கிறார்கள். பூட்டு வளையம் அளவைப் பிடிக்கிறதா? பூட்டிய பிறகும் கைபிடி சுழன்றால் விட்டுவிடுங்கள்.

கைபிடியின் முனையில் உள்ள சிறு திருகில் வர்ண முத்திரை உடைந்திருக்கிறதா, தண்டில் குழாய் போட்டு இழுத்த வடு இருக்கிறதா என்றும் பாருங்கள். குழாய் போட்டு இழுத்த ரெஞ்சை நான் விலை பேசவே மாட்டேன். கடைசியாக, கீழ் அளவில் வைத்து ஒரு நட்டில் பூட்டி மெதுவாக இழுங்கள். கிளிக் தெளிவாகக் கேட்க வேண்டும். ஒருமுறை கேட்டு மறுமுறை கேட்காமல் போனால் அது அளவுகருவி அல்ல, வெறும் இரும்பு.

பழைய ரெஞ்ச் பல மாதம் சும்மா கிடந்தால் முதல் கிளிக் பிந்தி வரும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், நாலைந்து தரம் கிளிக் செய்த பிறகு பாருங்கள்.

ஊசி வகை நல்லதா, கிளிக் வகை நல்லதா?

பழசு என்றால் ஊசி வகைக்கே என் வாக்கு. அதில் உள்ளே கெட்டுப்போக ஒன்றும் இல்லை: ஒரு கம்பி வளைகிறது, இன்னொரு ஊசி வளையாமல் நின்று அளவைக் காட்டுகிறது. சும்மா இருக்கும்போது ஊசி பூச்சியத்தில் நின்றால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தள்ளி நின்றால் மெதுவாக வளைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டு வரலாம். குறை என்னவென்றால், நேர் மேலிருந்து பார்க்க வேண்டும். வாகனத்துக்குக் கீழே படுத்தபடி அதை வாசிப்பது சிரமம்.

கிளிக் வகை வேலைக்கு வசதி, ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியில் தெரியாது. அதனால் இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

என்னுடைய ரெஞ்சில் நியூற்றன் மீற்றரே இல்லை. என்ன செய்வது?

கனடாவில் இருந்து வந்தது என்றால் அடி-இறாத்தல் இருக்கும், எஃப்.டி. எல்.பி. என்று பொறித்திருப்பார்கள். ஜப்பானின் பழைய ரெஞ்ச் என்றால் கிலோகிராம் சென்ரிமீற்றர். வாகனக் கையேடோ நியூற்றன் மீற்றரில் பேசும். 1 அடி-இறாத்தல் என்பது 1.356 நியூற்றன் மீற்றர். 1 கிலோகிராம் மீற்றர் என்பது 9.81 நியூற்றன் மீற்றர், அதை நூறாகப் பிரித்தால் கிலோகிராம் சென்ரிமீற்றர்.

உதாரணமாக, ரொயோட்டாவின் சிறிய கார்கள் பலவற்றில் சில்லு நட்டுக்கு 103 நியூற்றன் மீற்றர் என்று இருக்கும். அதுவே 76 அடி-இறாத்தல், அதுவே 1050 கிலோகிராம் சென்ரிமீற்றர். அடி-இறாத்தல் ரெஞ்சில் கவனிக்காமல் 103 வைத்து இழுத்தால் நட்டுக்கு விழுவது 140 நியூற்றன் மீற்றர், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். அந்தப் பிழையை எந்தக் கலிபிரேஷனும் (அளவுச் சரிபார்ப்பும்) பிடிக்காது. இந்த மூன்று எண்ணையும் ஒரு சிறு அட்டையில் எழுதிப் பெட்டி மூடியின் உள்ளே ஒட்டி வையுங்கள்.

"4 சதவீதம்" என்கிறார்களே, அது என்ன?

கையால் இழுக்கும் டோர்க் ரெஞ்சுகளுக்கான உலகத் தரம் ஐஎஸ்ஓ 6789. 2017இல் அதைத் திருத்தி இரண்டு பகுதியாக வெளியிட்டார்கள். கராஜில் நாம் பாவிக்கும் அளவு மாற்றக்கூடிய கிளிக் வகைக்கு, 10 நியூற்றன் மீற்றருக்கு மேற்பட்ட ரெஞ்ச் என்றால் கூட 4, குறைய 4 சதவீதம் வரை தவறலாம். அதற்குக் கீழ்ப்பட்ட குட்டி ரெஞ்சுக்கு 6 சதவீதம்.

அதாவது 100 என்று வைத்தால் 96க்கும் 104க்கும் இடையில் எங்கே கிளிக் வந்தாலும் ரெஞ்ச் பாஸ். இந்தச் சதவீதம் அந்தந்த அளவில் பார்ப்பது. ரெஞ்சின் உச்ச அளவில் 4 சதவீதம் என்று எடுத்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் அதைப் பொருத்தக் கூடாது.

சோதிக்கும் இடங்கள் உச்ச அளவின் 20, 60, 100 சதவீதம். 200 வரை போகும் ரெஞ்ச் என்றால் 40, 120, 200. 20 சதவீதத்துக்குக் கீழே உற்பத்தியாளர் பொறுப்பேற்பதில்லை. 200 வரை போகும் அரை அங்குலச் சதுர முனை ரெஞ்சைக் கொண்டு மோட்டார் சைக்கிளின் 10 நியூற்றன் மீற்றர் போல்ட்டை இறுக்கப் போவது வீண்வேலை. போல்ட் அறுந்து கையில் வந்த பிறகுதான் கிளிக் கேட்கும்.

வீட்டில் நானே சரிபார்க்க முடியுமா?

முடியும். ஓ/எல் விஞ்ஞானத்தில் படித்த விசையின் திருப்பம்தான்: எடை எவ்வளவு, அச்சில் இருந்து எவ்வளவு தூரம். தேவையானவை உறுதியான மேசையில் பூட்டிய வைஸ், ஒரு வாளி, கயிறு, மில்லிமீற்றர் அளவுகோல், மேசனின் ரசமட்டம்.

ரெஞ்சின் சதுர முனையை வைஸில் கிடையாகக் கடிக்க வையுங்கள், தாடைக்கு அலுமினியத் தகடு வைத்தால் முனை காயப்படாது. கைபிடியைக் கீழே அழுத்தினால் வலப்பக்கமாக இறுக்கும் திசையில் சுழல வேண்டும். சதுரத்தின் நடுவில் இருந்து, கைபிடியில் கையின் நடுவிரல் விழும் இடம் வரை அளந்து கோடு போடுங்கள். சில ரெஞ்சுகளில் அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு வளையம் பொறித்திருக்கும். கயிறு அந்தக் கோட்டில்தான் தொங்க வேண்டும். வேறு இடத்தில் தொங்கவிட்டுத் தூரத்தைக் கணக்கில் மாற்றினால் போதாதா என்று கேட்பார்கள். கிளிக் வகையில் பல ரெஞ்சுகள் கை பிடிக்கும் இடத்தைப் பொறுத்துச் சற்று மாறும், ஆகவே இடத்தை மாற்றாமல் எடையை மாற்றுங்கள்.

இப்போது, 200 வரை போகும் ரெஞ்ச் என்றால், அளவை 40இல் வையுங்கள். வாளியைக் கொழுவி, கையால் தாங்கியபடி மெதுவாகக் கீழே விடுங்கள். கிளிக் வராவிட்டால் தூக்கி, அரைக் கோப்பை தண்ணீர் விட்டு, மறுபடி மெதுவாக இறக்குங்கள். வாளியைப் பொத்தென்று விட்டால் அதிர்ச்சியிலேயே கிளிக் வந்துவிடும், அது கணக்கில் சேராது. கிளிக் வந்ததும் ரெஞ்ச் சில பாகை சரிந்து நிற்கும். அதுவரை தண்டு மட்டமாக இருந்ததா என்று ரசமட்டத்தில் பாருங்கள். 5 பாகை சரிவு பெரிதாகக் கெடுக்காது, 10 பாகை என்றால் 1.5 சதவீதம் போய்விடும். தூரத்தை 400க்குப் பதில் 405 மில்லிமீற்றர் என்று எடுத்தாலும் ஏறத்தாழ அதே அளவுப் பிழைதான்.

பிறகு வாளியை, தண்ணீரோடும் கயிற்றோடும், நிறுக்க வேண்டும். இங்கே ஒரு வசதி உண்டு. வியாபாரத் தராசுகள் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தால் ஆண்டுதோறும் பரிசோதித்து முத்திரை இடப்பட வேண்டும் என்பது சட்டம். முத்திரை உள்ள தராசு இருக்கும் பலசரக்குக் கடைக்காரரிடம் கேட்டால் நிறுத்துத் தருவார். கொஞ்சம் சிரிப்பார், அவ்வளவுதான். ஒன்லைனில் வாங்கிய பயணப்பெட்டித் தராசை நம்பி இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

எடை கிடைத்துவிட்டது. கணக்கு எப்படி?

கிலோவில் எடை × 9.78 × மீற்றரில் தூரம். பள்ளிக்கூடத்தில் 9.81 என்று படித்தோம், ஆனால் நாங்கள் இருப்பது பூமத்திய கோட்டுக்குப் பக்கத்தில், ஆகவே யாழ்ப்பாணத்தில் ஈர்ப்பு 9.78. வித்தியாசம் 0.3 சதவீதம்தான், ஆனாலும் சரியானதைப் போட்டால் என்ன நட்டம்?

பலர் மறப்பது ரெஞ்சின் சொந்த எடையை. அதுவும் கீழே இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ரெஞ்சை விரல் மேல் சமநிலையாக வைத்து, அந்தப் புள்ளி சதுரத்தில் இருந்து எவ்வளவு தூரம் என்று அளவெடுங்கள். ரெஞ்ச் 1.4 கிலோ, சமநிலைப் புள்ளி 0.20 மீற்றரில் என்றால் 1.4 × 9.78 × 0.20 = 2.7 நியூற்றன் மீற்றர். வாளி 9.5 கிலோ, தூரம் 0.40 மீற்றர் என்றால் 37.2. இரண்டையும் கூட்டினால் 39.9. ரெஞ்சில் வைத்தது 40, மிக நல்லது. சொந்த எடையை விட்டிருந்தால் நல்ல ரெஞ்சை 7 சதவீதம் பிழை என்று தள்ளியிருப்பீர்கள்.

120இல் சோதிக்க இதே ரெஞ்சுக்கு 30 கிலோ தேவை. வாளி காணாது, அரிசிப் பையில் மணல் போடலாம். 200இல் சோதிக்க 50 கிலோவுக்கு மேல் தொங்கவிட வேண்டும், கிட்டத்தட்ட ஒரு முழு சீமெந்துப் பை. வைஸ் பெயர்ந்தால் கால் போய்விடும். அந்த அளவில் நீங்கள் வேலை செய்வதில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள், நீங்கள் உண்மையில் பாவிக்கும் இடத்தைச் சோதித்தால் போதும்.

காலை நேரத்தில் செய்வது நல்லது. ஐஎஸ்ஓ தரம் 18 முதல் 28 பாகைக்குள் சோதிக்கச் சொல்கிறது. மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே அது கிடைக்காது.

ரெஞ்ச் தவறுகிறது என்று தெரிந்தது. குப்பையில் போடுவதா?

அவசரப்பட வேண்டாம். எவ்வளவு தவறுகிறது என்பதை விட, எப்படித் தவறுகிறது என்பதுதான் முக்கியம். ஒவ்வோர் அளவிலும் ஐந்து தரம் கிளிக் செய்து எழுதிப் பாருங்கள்.

40இல் 43, 43, 42.5, 43, 43 என்று வந்தால் பிழை 7 சதவீதம், ஆனால் ரெஞ்ச் நேர்மையானது, ஒரே இடத்தில் நின்று தவறுகிறது. அதைத் திருத்த முடியும். 38, 44, 41, 36, 42 என்று வந்தால் சராசரி 40தான். எண்ணைப் பார்த்தால் அருமை. ஆனால் அந்த ரெஞ்சை யாராலும் திருத்த முடியாது, எந்த நட்டில் எந்த எண் விழும் என்று சொல்ல முடியாதே. உள்ளே தேய்மானம் அல்லது காய்ந்த கிறீஸ். சேர்விஸ் செய்து பார்க்கலாம், அப்படியும் சிதறினால் விட்டுவிட வேண்டியதுதான்.

நேர்மையாகத் தவறுவதிலும் இரண்டு வகை உண்டு. 40இலும் 3 கூட, 120இலும் 3 கூட என்றால் அளவுக்கோடு நகர்ந்திருக்கிறது, திருகைச் சரிசெய்தால் முழுவதும் சரியாகும். 40இல் 3 கூட, 120இல் 9 கூட என்று விகிதமாக வளர்ந்தால் ஸ்பிரிங் அல்லது நெம்பு அளவு மாறியிருக்கிறது, அல்லது நீங்கள் தூரத்தைத் தவறாக அளந்திருக்கிறீர்கள். முதலில் அந்தக் கடைசியைச் சந்தேகப்படுங்கள்.

அந்தத் திருகை நானே திருப்பலாமா?

பல கிளிக் ரெஞ்சுகளில் கைபிடியின் முனை மூடியைக் கழற்றினால் பூட்டு நட்டும் அதற்குள் சரிசெய்யும் திருகும் தெரியும். கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் வாளியில் சோதித்துச் செய்யலாம். உங்கள் சொந்த வாகனத்துக்கு மட்டும் என்றால் தடையில்லை. ஊதியத்துக்கு வேலை செய்யும் கராஜ் என்றால் செய்ய வேண்டாம்.

தலைப்பக்கத்தைத் திறக்கவே வேண்டாம். கிளிக் சத்தத்தைத் தருவது உள்ளே சாய்ந்து விழும் ஒரு சிறு உருக்குத் துண்டு. குழாயைச் சரித்ததும் அது உருண்டு தரையில் விழும், எந்தப் பக்கம் மேல் என்று பிறகு தெரியாது. இன்னொன்று, கடினமாக இருக்கிறது என்று துருக்கழற்றும் ஸ்பிரேயை உள்ளே அடிப்பார்கள். அது கிறீஸைக் கழுவிவிடும், உராய்வு மாறும், அளவும் மாறும். மண்ணெண்ணெயில் ஊறப்போடுவதும் அப்படியே.

டிஜிட்டல் அடாப்டர் வாங்கிச் சோதித்தால் என்ன?

ரெஞ்சுக்கும் சொக்கற்றுக்கும் இடையில் பூட்டும் அந்தக் குட்டி மீற்றர் வசதியானதுதான். ஆனால் சோதிக்கும் கருவி சோதிக்கப்படுவதை விட நாலு மடங்காவது நுணுக்கமாக இருக்க வேண்டும் என்பது அளவியல் வழக்கம். 4 சதவீத ரெஞ்சைப் பார்க்க 1 சதவீதக் கருவி வேண்டும். மலிவான அடாப்டர்கள் பெட்டியில் 2 சதவீதம் என்று எழுதியிருக்கும், அதையும் யாராவது சோதித்தார்களா என்பது வேறு கேள்வி. சான்றிதழ் இல்லாத அடாப்டரை விட, முத்திரைத் தராசில் நிறுத்த வாளியையே நான் நம்புவேன். வாளி சிதறலையும் காட்டிவிடுகிறது.

ஏற்கெனவே இறுக்கிய நட்டில் வைத்துப் பார்த்தேன், கிளிக் வந்தது. அப்போ சரிதானே?

இல்லை. இறுகி நிற்கும் நட்டை அசைக்கத் தேவையான விசை, ஓடிக்கொண்டிருக்கும் நட்டை இறுக்கும் விசையை விட அதிகம். நட்டு அசையாமல் கிளிக் வந்தால் "குறைந்தது இவ்வளவு இருக்கிறது" என்பது மட்டும் தெரியும், எவ்வளவு கூட என்று தெரியாது. ரயர்க் கடையில் காற்றுத் துவக்கால் 'டர்ர்' என்று அடித்துவிட்டு, பிறகு டோர்க் ரெஞ்சை வைத்து ஒரு கிளிக் காட்டித் தருவதும் இதுதான். பார்வைக்கு அழகு, பயன் ஒன்றுமில்லை. "தம்பி, ஒருக்கா இளக்கிப்போட்டுக் கையாலை இறுக்குங்கோ" என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். இளக்கி, குறுக்கு வரிசையில் ரெஞ்சால் இறுக்கி, 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின் மறுபடி பார்க்க வேண்டும்.

இதே காரணத்தால், இரண்டு ரெஞ்சை ஒரே நட்டில் மாறிமாறி வைத்து ஒப்பிடுவதும் ஒன்றையும் சொல்லாது.

முறையான கலிபிரேஷனுக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து எங்கே அனுப்புவது?

நாட்டின் அளவீட்டு ஆய்வுகூடம் ஹோமாகம, பிட்டிபனவில் உள்ளது, மேலே சொன்ன அளவீட்டுத் திணைக்களத்தின் கீழ் இயங்குகிறது. கொழும்பு 7, பௌத்தாலோக மாவத்தையில் உள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகமும் அளவுகருவிகளுக்குக் கலிபிரேஷன் செய்கிறது. தனியார் ஆய்வுகூடங்களும் உண்டு. எதுவானாலும் ஐஎஸ்ஓ 17025 (ஆய்வுகூடங்களின் திறமைக்கான உலகத் தரம்) அங்கீகாரம் இருக்கிறதா, அந்த அங்கீகாரம் டோர்க்குக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். வெப்பமானிக்கும் தராசுக்கும் மட்டும் அங்கீகாரம் வாங்கிவிட்டு எல்லாவற்றுக்கும் அதே முத்திரையைக் காட்டும் இடங்கள் உலகம் முழுவதும் உண்டு.

தொலைபேசியில் கேட்க வேண்டியது வேறும் இருக்கிறது. சதுர முனை என்ன அளவு, உச்ச அளவு என்ன என்று சொல்லி, அதைச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். அளந்து மட்டும் தருவார்களா, பிழை இருந்தால் திருத்தியும் தருவார்களா? இது முக்கியம், பல கூடங்கள் அளப்பதோடு நிறுத்திவிடும். எத்தனை புள்ளிகளில் அளப்பார்கள், கட்டணம் அதைப் பொறுத்ததா, எத்தனை நாள்? கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். "அதை நாங்கள் செய்வதில்லை" என்ற பதிலைக் கேட்க ஏ9 வழியே ஒருநாளைத் தொலைக்க வேண்டாம்.

கட்டணத்தைக் கேட்ட பிறகு ரெஞ்சின் விலையையும் பாருங்கள். மலிவு ரெஞ்சுக்குச் செலவு அதன் விலையைத் தாண்டிவிடலாம். அப்படியானால் வாளிச் சோதனையோடு நிறுத்தி, சொந்த வாகனச் சில்லுக்கு மட்டும் பாவியுங்கள். நோர்பார், தோனிச்சி, ஸ்டால்வில்லே போன்ற நல்ல பெயருள்ள ரெஞ்ச் என்றால் அனுப்புவது நியாயம், அவற்றுக்கு உதிரிப்பாகமும் கிடைக்கும். மற்றவர்களின் வாகனத்தில் கை வைப்பவர் எந்த ரெஞ்சானாலும் அனுப்பத்தான் வேண்டும்.

அனுப்பும்போது எப்படிப் பொதி செய்வது?

கீழ் அளவுக்குத் தளர்த்தி, கடினப் பெட்டியில், அசையாதபடி. இரவு பஸ்ஸின் பின்பெட்டியில் வெங்காய மூட்டைக்குக் கீழே போனால் போகும்போது இருந்த அளவு போய்ச் சேரும்போது இருக்காது. ரயிலில் போகும் சொந்தக்காரர் கையில் கொடுத்துவிடுவது இன்னும் பாதுகாப்பு.

சான்றிதழில் எதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் ரெஞ்சின் தொடர் இலக்கம் இருக்கிறதா? இலக்கம் இல்லாத ரெஞ்ச் என்றால் ஆய்வுகூடம் ஓர் அடையாளம் பொறித்தோ ஒட்டியோ தரும். ஒவ்வோர் அளவிலும் கிடைத்த எண்கள், அளவீட்டின் நிச்சயமின்மை (அந்த எண்கள் எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பது), திகதி, வெப்பநிலை, எந்த நியமக் கருவியோடு ஒப்பிட்டது என்பதும் வேண்டும். திருத்தியிருந்தால் திருத்துமுன், திருத்தியபின் என்று இரண்டு தொகுதி எண்கள் இருக்க வேண்டும். திருத்துமுன் எண் கராஜ்காரருக்குப் பெரும் உதவி: இதுவரை இறுக்கிய நட்டுகளின் கதை அதில்தான் இருக்கிறது. "பாஸ்" என்ற ஒற்றைச் சொல் மட்டும் உள்ள தாள் என்றால் காசைத் திருப்பிக் கேளுங்கள்.

பழைய ரெஞ்சோடு பெட்டிக்குள் கிடக்கும் தொழிற்சாலைத் தாள், அது புதிதாக இருந்த நாளைப் பற்றியது. இன்றைக்கு அது பேசாது.

எத்தனை காலத்துக்கு ஒருமுறை?

ஐஎஸ்ஓ 6789 தரம் சொல்வது 12 மாதம் அல்லது 5000 கிளிக், எது முந்துகிறதோ அது. கீழே விழுந்தால், அளவுக்கு மேல் இழுபட்டால், உடனே. வீட்டில் ஆண்டுக்கு நாலு தரம் சில்லு கழற்றுபவர் ஆண்டுக்கு ஒரு வாளிச் சோதனையோடு இருக்கலாம்.

ரெஞ்ச் சரி, சான்றிதழும் உண்டு. ஆனாலும் போல்ட் அறுந்துவிட்டதே?

நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பாதி போல்ட் தலைக்குக் கீழ் உராய்விலும், இன்னும் 40 சதவீதம் புரியின் உராய்விலும் போய்விடுகிறது. பொருத்தை உண்மையில் இறுக்கிப் பிடிக்க மிஞ்சுவது பத்தில் ஒரு பங்குதான். உராய்வு சிறிது குறைந்தால் அந்தப் பத்து பதினைந்தாகிவிடும். புரியில் ஒயில் பட்டது, கிறீஸ் பூசியது, செம்புப் பசை போட்டது என்றால் அதே 103க்குப் போல்ட் மிக அதிகமாக இழுபடும். மறுபக்கம், கடற்கரை வாகனத்தின் துருப்பிடித்த புரியில் கிளிக் வரும், நட்டு இறுகியிருக்காது. கையேடு உலர்ந்த புரிக்குச் சொல்கிறதா, ஒயில் பூசிய புரிக்கா என்று பாருங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் சுத்தமான, உலர்ந்த புரி என்று எடுத்துக்கொள்வது வழக்கம். கம்பித் தூரிகையால் புரியைத் துடைக்க இரண்டு நிமிடம். ரெஞ்சின் 4 சதவீதத்தைப் பற்றிக் கவலைப்படுபவர் அதைவிடப் பல மடங்கு பெரிய இந்தச் சிதறலை விட்டுவிடுவது எனக்கு எப்போதும் வியப்பு.

எப்படிப் பேணுவது?

வேலை முடிந்ததும் கீழ் அளவுக்குக் கொண்டு வாருங்கள். பூச்சியத்துக்குக் கீழே முழுவதும் தளர்த்த வேண்டாம், உள்ளே பாகங்கள் இடம் மாறும். ஸ்டால்வில்லேயின் சில வகைகளைத் தளர்த்தத் தேவையில்லை, கையேட்டில் இருக்கும். இங்கத்தைய உப்புக்காற்றுக்கு, ஒயில் தொட்ட துணியால் வெளியே துடைத்துப் பெட்டிக்குள் வையுங்கள். நட்டு இளக்க இதைப் பாவிக்காதீர்கள். அதற்குத்தான் நீளக் கைபிடி ஸ்பானர் இருக்கிறது.

முனையில் நீட்டிப்புத் துண்டு பூட்டினால் அளவு மாறுமா?

சொக்கற்றுக்கு நேர் கீழே போகும் நீட்டுக்கம்பி என்றால் மாறாது. ரெஞ்சின் நீளத்தோடு முன்பக்கம் நீண்டு போகும் தட்டைத் துண்டு என்றால் மாறும். வைக்க வேண்டிய அளவு = தேவையான அளவு × ரெஞ்சின் நீளம் ÷ (ரெஞ்சின் நீளம் + துண்டின் நீளம்). 400 மில்லிமீற்றர் ரெஞ்சில் 50 மில்லிமீற்றர் துண்டு போட்டு 100 வேண்டுமானால் 89இல் வையுங்கள். அதே துண்டை ரெஞ்சுக்குச் செங்குத்தாகத் திருப்பிப் பூட்டினால் கணக்கே தேவையில்லை, 100இலேயே இழுக்கலாம்.